டாக்டர், எங்களைப் பார்த்துப் பேசுங்கள்: முதியோர் இல்லவாசிகளின் கொள்கைப் பிரகடனம்

முதியோர் இல்லங்களிலும் ‘அசிஸ்டட் லிவிங்’ என்று பலகை மாட்டிய குடியிருப்புகளிலும் வசிக்கும் நாங்கள் ஓர் இயக்கம் தொடங்குகிறோம். எங்கள் உடம்புக்கும் மனசுக்கும் நடக்கும் வைத்தியத்தைப் பற்றி எங்களிடமே பேச வேண்டும் என்று கேட்பதற்காக. எழுதும்போதே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர், தறிப்பட்டறை வைத்து நாற்பது குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்தவர், கிராமம் கிராமமாகப் போய்த் தடுப்பூசி போட்ட செவிலியர், ஒற்றை ஆளாய் நின்று நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர், இத்தனை பேரும் கூடி ‘எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்’ என்று தீர்மானம் போட வேண்டியிருக்கிறது.

நடப்பு இதுதான். வாரம் ஒருமுறை டாக்டர் வருகிறார். கட்டில் ஓரத்தில் நின்றபடி, “பாட்டி எப்படி இருக்காங்க?” என்று நர்ஸைக் கேட்கிறார். “நைட்டெல்லாம் தூங்கல சார், கத்திக்கிட்டே இருந்தாங்க” என்கிறார் நர்ஸ். டாக்டர் ஒரு மாத்திரை எழுதுகிறார். செய்தி மேனேஜர் வழியாக நியூஜெர்சிக்கோ சிங்கப்பூருக்கோ வாட்ஸ்அப்பில் போகிறது. மகன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறார். அன்றிரவே மாத்திரை ஆரம்பம். நான்கு நாளாக மலம் போகாமல் வயிறு கல்லாய் இருந்ததால்தான் பாட்டி கத்தினார் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளை யாரும் கேட்கவில்லை.

பணம் கட்டுகிறவர் வேறு, நோயாளி வேறு. எங்கள் முதல் கொள்கை இது. மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை. டாக்டர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். காது கேட்கும் பக்கமாக வந்து முதல் கேள்வியை எங்களிடம் கேட்க வேண்டும். நாங்கள் சொல்வது போதவில்லை என்றால் அப்புறம் நர்ஸிடம் கேட்கட்டும், மகளுக்குப் போன் போடட்டும். மறதிநோய் முற்றியவரிடமும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். தன் பெயர் மறந்தவருக்கும் வலிக்கிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறோம். பிள்ளைகள் எங்களைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள், நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து அழுகிறோம் என்ற சினிமாக் கதைக்கும் இந்த இயக்கத்துக்கும் சம்பந்தமில்லை. எங்களில் பலர் நாலு இடம் பார்த்து, விலை பேசி, எங்கள் இஷ்டப்படிதான் இங்கே வந்தோம். தனி வீட்டில் மோட்டார் போட மறந்து, கேஸ் தீர்ந்து, மாடிப்படியைப் பார்த்துப் பயந்து கிடந்ததைவிட இங்கே இருப்பது நிம்மதி. இல்லங்களை மூடு என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் சாகும்வரை இருக்கப்போகிற இடம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்கிறோம்.

டெபாசிட்டாகப் பல லட்சம் கட்டிச் சேர்ந்தவர்கள் எங்களில் உண்டு. பஸ் ஸ்டாண்டில் கிடந்தவரைப் போலீஸ்காரர் கொண்டுவந்து சேர்த்த இலவச இல்லத்தில் இருப்பவர்களும் உண்டு. முன்னவருக்குத் தேவைக்கு மேல் மாத்திரை. பின்னவருக்குத் தேவையான மாத்திரையே இல்லை. இரண்டு பேரையும் சேர்க்காத இயக்கம், குடியிருப்போர் நலச் சங்கமாகச் சுருங்கிவிடும். லிஃப்ட் ரிப்பேர் பற்றிப் பேச அப்படிப்பட்ட சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

வீடும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம்; கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்கள் பங்கு அதிகமுள்ள பெரிய மாநிலம் நம்முடையது. 2031இல் இது 18.2 ஆகும் என்கிறது அதே மதிப்பீடு. கோவையில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓய்வுபெற்றோர் குடியிருப்புகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோவைக் காற்றை நம்பி வந்து சேர்கிறார்கள்.

விளம்பரத்தில் ‘24 மணி நேர மருத்துவ வசதி’ என்று இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் பல இடங்களில் அதற்கு அர்த்தம் ஒரு நர்ஸ், ஒரு பி.பி. கருவி, ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். மிச்சத்தை 108 பார்த்துக்கொள்ளும். அதாவது, விழுந்த பிறகு ஓடுவதற்கு ஏற்பாடு இருக்கிறது; விழாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லை.

அரசும் எங்களை இந்த இடைவெளியிலேயே விட்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவ அலுவலர் தலைமையில் தனி வசதி வேண்டும் என்கிறது. 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 ஆதரவற்றோர் தங்கும்படி முதியோர் இல்லம் அமைப்பதைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முழுக்கப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது: பராமரிப்புத் தொகை தருகிறானா, கைவிட்டால் என்ன தண்டனை, எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறலாமா. காசு வாங்கிக்கொண்டு பராமரிக்கும் நிறுவனத்தின் மேல் அதன் பார்வை அவ்வளவாக விழவில்லை. பராமரிப்பு இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே அந்த அவையின் காலம் முடிந்தது.

2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் விரித்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நல்ல காரியம்தான், ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். படுக்காமல் இருப்பதற்கு வேண்டியதெல்லாம், மாத்திரையைச் சரிபார்ப்பது, பிசியோதெரபி, காதுக் கருவி, கண்ணாடி, மனநல ஆலோசனை, இவற்றுக்கு எங்கள் பென்ஷன்தான் காப்பீடு.

தமிழ்நாட்டுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக முளைத்த ஊர் சென்னை. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 2024இல் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. பிசியோதெரபியும் வலித்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. இல்லத்தின் வாசலையும் ஒரு வீட்டு வாசலாக எண்ணி அந்தச் செவிலியர் தவறாமல் உள்ளே வர வேண்டும் என்பது அரசிடம் எங்கள் முதல் கோரிக்கை. இலவச இல்லங்களிலிருந்து தொடங்கட்டும். டெபாசிட் கட்டியவர்கள் காத்திருக்கிறோம்.

மாத்திரை மாத்திரையைப் பெற்றெடுக்கும்

எங்களில் பலர் நடந்துவந்த வழி ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். நல்ல மருந்து, ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுகிறார். நீர் மாத்திரை போட்டதும் ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம். உடம்பில் உப்புச் சத்து குறைந்து பகலில் தலைசுற்றல், மந்தம். தூக்கம் கெட்டுப்போச்சு என்று புகார் சொன்னால் மூன்றாவது டாக்டர் அல்பிரசோலம் தருகிறார். இப்போது ராத்திரி எழுந்திருப்பதும் நிற்கவில்லை, எழும்போது முழு விழிப்பும் இல்லை. ஒருநாள் பாத்ரூம் வாசலில் இடுப்பெலும்பு முறிகிறது. கேஸ் ஷீட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதுவார்கள். தரை காய்ந்துதான் கிடந்தது.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து அடுத்த மருந்து எழுதும் இந்தச் சங்கிலியை 1990களிலேயே மருத்துவ இதழ்கள் விவரித்துவிட்டன. 1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முதியவர்களுக்குக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல் முதன்முதலில் யாருக்காகத் தயாரானது தெரியுமா? பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களுக்காக. பின்னால்தான் எல்லா முதியவர்களுக்கும் விரிந்தது. சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாகத் தருகிற குளோர்பெனிரமைன், பெனிரமைன் வகையே எங்களுக்கு மலச்சிக்கல், மூத்திரத் தடை, மனக்குழப்பம் எல்லாவற்றையும் கொண்டுவரும். ‘நல்லாத் தூங்கட்டும்’ என்று அதைத்தான் தருகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். பல இல்லங்களில் இரவு உணவு ஏழு மணிக்கே முடிந்துவிடும், சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால். காலை டிபன் எட்டரைக்கு. நடுவே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ போட்டுப் படுத்த எண்பது வயதுக்காரருக்கு விடிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை தாழ்ந்தால், வேர்க்கும், உளறுவார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். ‘தாத்தா ராத்திரியில் ரகளை’ என்று டைரியில் ஏறும். படுக்கும்முன் ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்திருந்தால் போதும். சர்க்கரையைக் கறாராக இறக்குவதைவிட, தாழாமல் பார்ப்பதே தளர்ந்த முதியவருக்கு முக்கியம் என்று நீரிழிவு நிபுணர்களின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. சமையலறைக் கடிகாரத்தை டாக்டர் ஒருதடவை வந்து பார்க்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது: மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லா மருந்துகளையும் ஒரே மருத்துவர் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், எதை நிறுத்தலாம் என்பதையும் சேர்த்து. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதையும் மாத்திரை டப்பாவில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும். புது மாத்திரை எழுதினால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எங்களுக்குத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும்.

மனசு

இதைப் பற்றி இல்லங்களில் கேட்டால் பஜனை, யோகா, பொங்கலுக்குக் கோலப்போட்டி, மாதம் ஒரு கோயில் பயணம் என்று பட்டியல் நீட்டுவார்கள். பஜனைமேல் எங்களுக்கு விரோதமில்லை. எங்களில் ஒருசிலர் நன்றாகவே பாடுவார்கள். ஆனால் அது பொழுதுபோக்கு. மனநல வைத்தியம் தனி.

மூன்று நிலைகளை இங்கே ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து ‘வயசாயிடுச்சு’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நேற்றுவரை பேப்பர் படித்தவர் இன்று மகளை அடையாளம் தெரியாமல் முழித்தால் அது மறதிநோய் அல்ல. மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருகிற குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். மூத்திரத் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, மலம் இறுகியது, புது மாத்திரை என்று உடம்பில் ஒரு காரணம் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். விட்டால் உயிருக்கு ஆபத்து. கத்துகிறவர்களையாவது கவனிக்கிறார்கள். சத்தமில்லாமல் சுருண்டு படுத்துச் சாப்பாட்டை வேண்டாம் என்கிற டெலிரியமும் உண்டு. அதை ‘சமத்தா இருக்காங்க’ என்பார்கள். திடீர்க் குழப்பத்தை நெஞ்சுவலிக்குச் சமமான அவசரமாக நடத்த வேண்டும்: உடனே காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் பார்க்க வேண்டும்; அன்றே டாக்டர் வந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது மனச்சோர்வு. எங்கள் தலைமுறைக்கு ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்ல வராது. ‘உடம்பெல்லாம் வலி’, ‘பசி எடுக்கல’, ‘நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது’ என்போம். வலிக்குத் தைலமும் பசிக்கு டானிக்கும் வரும். 1986லிருந்து புழக்கத்தில் இருக்கிற 15 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும், பத்து நிமிஷம் ஆகாது. சேரும்போதும், துணையை இழந்த பிறகும், வருஷத்துக்கு ஒருமுறையும் அதைக் கேட்கலாமே. கூடவே தைராய்டும் பி12ம் பார்த்துவிட வேண்டும். ‘சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டாத் தேவல’ என்று ஒருவர் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் சிரித்து, ‘நூறு வயசு இருப்பீங்க’ என்கிறார்கள். தயவுசெய்து சிரிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘எதனால அப்படித் தோணுது?’ என்று கேளுங்கள். 14416க்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். காது கேட்காதவருக்கு அந்தப் போனில் துணையாக ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவதாக மறதிநோய். நாடு முழுக்க 60 வயது கடந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, 7.4 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. தலைக்கணக்கில் சுமார் 88 லட்சம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் போன்ற மனநல அமைப்புகள் மறதிநோய்க்கென்று தனிச்சேவை நடத்துவதால், மருந்தில்லாமலே எவ்வளவோ செய்யலாம் என்பது இங்கே தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் ஆள் பற்றாத இரவுகளில் கை நீள்வது ஹாலோபெரிடாலுக்கும் குவெட்டியபினுக்கும்தான். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் புது மருந்துகளுக்கும் 2008இல் பழைய மருந்துகளுக்கும் கட்டம் கட்டி எச்சரித்தது. சில சமயம் அவை தேவைப்படும், மறுக்கவில்லை. வேறு வழியெல்லாம் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, நிறுத்தும் தேதியையும் எழுதிவிட்டுக் கொடுக்கட்டும். ஒருவரைச் சமாளிக்க எளிதாக வேண்டும் என்பதற்காக மயக்கி வைப்பதை நாங்கள் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நாற்காலியில் துப்பட்டாவால் கட்டிவைப்பதும் அதே கதை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 97ஆம் பிரிவில், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. ‘அது மனநல நிறுவனங்களுக்குத்தானே, நாங்கள் முதியோர் இல்லம்’ என்று பதில் வரும். சட்டத்தின் வரையறையைப் படியுங்கள். நினைவையோ, இடம் காலம் அறிவதையோ பாதித்து அன்றாட வாழ்க்கையைக் கடுமையாகக் குலைக்கும் கோளாறும் அதில் மனநோய்க்குள் வருகிறது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடமும் மனநல நிறுவனத்துக்குள் வருகிறது. குடும்பத்தார் வாழும் வீட்டுக்குத்தான் விலக்கு. பூட்டுப் போட்ட ‘மெமரி கேர்’ தளம் யாருடைய குடும்ப வீடு? இந்தக் கேள்வியை மாநில மனநல ஆணையத்தின் முன் எழுத்தில் வைக்கப் போகிறோம்.

இன்னொன்று சிறியதாகத் தெரியும். காபி எத்தனை மணிக்கு, ஃபேன் எந்த வேகத்தில், குளியல் காலையா மாலையா, ஜன்னல் திறந்தா மூடியா, இதையெல்லாம் யார் முடிவு செய்வது? 1976இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தாரிடம், உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, வளர்க்க ஒரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தாரிடம், எல்லாம் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடிக்கும் ஊழியர்களே தண்ணீர் ஊற்றினார்கள். முதல் தளத்தார் சில வாரங்களிலேயே கூடுதல் சுறுசுறுப்பும் உற்சாகமுமாக இருந்தார்கள். அன்பாக நடத்துகிறோம் என்ற பெயரில் எங்கள் கையிலிருந்து டம்ளரைக்கூடப் பிடுங்கிக் குடிப்பாட்டும் இல்லங்கள் இதை யோசிக்க வேண்டும். கணவன் ஒரு தளத்திலும் மறதிநோய் வந்த மனைவி பூட்டிய தளத்திலும் இருந்தால், அவர்கள் பார்த்துக்கொள்ள ‘விசிட்டிங் ஹவர்’ வைப்பதையும்.

சாவைப் பற்றியும் பேசுவோம்

இல்லத்தில் ஒருவர் இறந்தால் பெரும்பாலும் எங்களுக்குச் சொல்வதில்லை. ராத்திரியில் பின்கேட் வழியாக வண்டி போகும். காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி குறைந்திருக்கும். ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்பார்கள். எங்கள் மனசு தாங்காது என்று நினைத்துச் செய்கிறார்கள். பெற்றவர்களையும் கூடப் பிறந்தவர்களையும் கட்டினவரையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். தாங்க முடியாதது சாவு அல்ல. நாளைக்கு நாமும் இப்படித்தான் சொல்லாமல் போவோம் என்ற நினைப்பு. முன்வாசல் வழியாக எடுத்துச் செல்லுங்கள். மாலை போட விடுங்கள். ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர் எங்களில் இருந்தால் வைக்கட்டும்.

முடிவு நெருங்கும்போது என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். மனநல வைத்தியத்துக்கும் இதேபோல் முன்கூட்டி எழுதிவைக்கலாம், நமக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம் என்று 2017 சட்டம் சொல்கிறது. இல்லங்களில் சேரும்போது எத்தனையோ பக்கத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். டெபாசிட்டில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கும். இந்த இரண்டு தாளும் அந்தக் காகிதக் கட்டுக்குள் இருந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

எங்களைக் குளிப்பாட்டுகிறவர்கள்

இந்த இயக்கத்தில் அட்டெண்டர்களுக்கும் இடம் உண்டு, பார்வையாளராக அல்ல, உறுப்பினராக. தென்மாவட்டத்திலிருந்தும் ஒடிசா, அசாம் பக்கமிருந்தும் வந்த பெண்கள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் எங்கள் டயப்பரை மாற்றுகிறார்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுகிறார்கள். மறதிநோய் உள்ளவர் அடித்தால் வாங்கிக்கொள்கிறார்கள். ‘ஆயாம்மா’ என்று கூப்பிடுகிறோம். எங்களில் பலருக்கு அவர்களுடைய சொந்தப் பேர் தெரியாது. எங்களிடம் வரும் மாற்றத்தை டாக்டருக்கு முன்னால் கவனிப்பவர்கள் இவர்கள்தான். ஆனால் டாக்டர் வரும்போது இவர்களை வெளியே நிற்கச் சொல்கிறார்கள். பயிற்சி, எட்டு மணி நேர வேலை, வாரம் ஒருநாள் விடுப்பு, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை அட்டெண்டர் என்று எழுதி ஒட்டிய கணக்கு, இவற்றை எங்கள் வைத்தியத்தின் பகுதியாகவே கேட்கிறோம். இதனால் மாதக் கட்டணம் கூடும் என்று மேனேஜ்மென்ட் சொல்லும். கூடலாம். எங்கே குறைக்கலாம் என்று கணக்கை விரித்துக் காட்டினால் நாங்களும் சொல்வோம்; எங்களில் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள், கவலைப்படுகிறீர்கள், உங்கள் ஊர் ராத்திரியில் முழித்திருந்து வீடியோ காலில் வருகிறீர்கள். அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் கண்ணு. அடுத்த தடவை மேனேஜர் ஒரு மருந்துக்கு அனுமதி கேட்டால், ‘அம்மா என்ன சொன்னாங்க?’ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

எப்படிச் சேருவது

இல்ல உரிமையாளர்கள், மருந்துக் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள் யாரிடமும் பணம் வாங்க மாட்டோம். இலவச முகாமும் அதில் சேர்த்தி. இயக்கத்துக்குப் பெயர் வைப்பதை முதல் பொதுக்குழுவுக்கு விட்டிருக்கிறோம். இதுவரை வந்த பெயர்களில் பாதி பஜனை மடத்துக்குப் பொருந்தும். பொறுப்பாளர்களில் பாதிப்பேராவது பெண்கள், மூன்றில் ஒரு பங்கு இலவச இல்லத்தவர் என்பது மட்டும் இப்போதே முடிவு. படுக்கையில் இருப்பவரும் வாக்களிக்கலாம். வாக்குப் பெட்டி கட்டிலுக்கு வரும்.

சந்தா கிடையாது. சேர விரும்புகிறவர் முதல் வேலையாகத் தன்னிடம் உள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட வேண்டும். டாக்டர் எழுதியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து அறைக்காரர் ‘எனக்குக் கேட்டுச்சு’ என்று கொடுத்தது, லேகியம், அரிஷ்டம், கண் சொட்டு மருந்து, களிம்பு, காலாவதியானது எல்லாம். டாக்டர் வரும் நாளில் பையைக் கட்டில்மேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எதற்கு, இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து. பைக்குள் எத்தனை இருந்தது, டாக்டர் பார்த்த பிறகு எத்தனை மிஞ்சியது, அவர் உங்கள் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்னாரா, நின்றுகொண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கை நடுங்குகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எழுதித்தர ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவரை ஏற்பாடு செய்கிறோம். அந்தத் தாள்கள்தான் அரசிடம் நாங்கள் கொண்டுபோகும் முதல் மனு.